ஒரே கணு, பல சுட்டுகள்: ஆர்டிஎஃப் கேள்வி பதில்

நூலகர் ஒருவர்: நாற்பது நூல்களுக்கும் பதிப்பகம் ஒன்றுதான். தரவைக் கணுக்களாகவும் (பொருள்களைக் குறிக்கும் புள்ளிகள்) அவற்றின் இணைப்புகளாகவும் எழுதும் முறைதான் ஆர்டிஎஃப். அதன் எழுத்து வடிவமான டர்ட்டில் கோப்பில் ஒவ்வொரு நூலின் கீழும் பதிப்பகத்தின் பெயரையும் ஊரையும் சதுர அடைப்புக்குறிக்குள் எழுதினேன். தேடினால் நாற்பது பதிப்பகங்கள் வருகின்றன!

பதில்: வரத்தான் செய்யும். ஒவ்வொரு அடைப்புக்குறியும் பிளாங்க் நோட் எனப்படும் புதிய பெயரற்ற கணு ஒன்றை உண்டாக்குகிறது. உள்ளே இருப்பது எழுத்துப் பிசகாமல் ஒன்றாக இருந்தாலும் அவை தனித்தனிக் கணுக்களே. பதிப்பகத்துக்கு ஓர் ஐஆர்ஐ, அதாவது இணைய முகவரி போன்ற தனித்த அடையாளம், கொடுங்கள். விவரங்களை அதில் ஒருமுறை எழுதிவிட்டு, நூல்கள் எல்லாம் அதைச் சுட்டும்படி செய்யுங்கள். விக்கித்தரவு என்ற திறந்த தரவுத்தளத்தில் சென்னைக்கு கியூ1352 என்று ஒரே அடையாளம்தான். அங்கே பிறந்தவரும் அங்கே இயங்கும் நிறுவனமும் அதையேதான் சுட்டுகிறார்கள்.

மாணவி: பெயரற்ற கணுவையே பகிர முடியாதா?

பதில்: ஒரே கோப்புக்குள் முடியும். அடிக்கோடும் முக்காற்புள்ளியும் முன்னால் இட்டு ஒரு குறிப்பெயர் வைத்தால் போதும். ஆர்டிஎஃபை எழுதும் இன்னொரு வடிவமான எக்ஸ்எம்எல் வடிவிலும் 2004 முதல் நோட்ஐடி என்ற பண்பு இதற்கென்றே இருக்கிறது. ஆனால் கோப்பைத் தாண்டினால் அந்தக் குறிப்பெயருக்கு மதிப்பில்லை. வேறொரு கோப்பில் அதே பெயர் வந்தால் அது வேறு கணு. ஐஆர்ஐ சூட்டச் சோம்பல்பட்டு இதில் இறங்காதீர்கள்.

நிரலர்: கணவன், மனைவி இருவரும் ஒரே முகவரிக் கணுவைச் சுட்டுகிறார்கள். மனைவி வேலைக்காக ஊர் மாறினார். முகவரியைத் திருத்தினேன், கணவரும் குடிபெயர்ந்துவிட்டார்.

பதில்: நீங்கள் ஆளை மாற்றவில்லை, வீட்டையே பெயர்த்துவிட்டீர்கள். பகிர்ந்த கணுவின் உள்ளே கை வைத்தால் அதைச் சுட்டும் எல்லோருக்கும் அது பொருந்தும். மனைவியிடமிருந்து முகவரிக்குப் போகும் டிரிப்பிளை (ஆள், உறவு, முகவரி என்று மூன்று பகுதி கொண்ட கூற்றை) மட்டும் நீக்கி, புதிய முகவரிக்கு வேறொன்று சேர்த்திருக்க வேண்டும். இதே காரணத்தால் ‘எப்போது குடியேறினார்’ என்ற தேதியையும் முகவரியில் எழுதக் கூடாது. இருவருக்கும் தேதி வேறாக இருக்கலாம். நடுவில் ‘குடியிருப்பு’ என்று ஆளுக்கொரு கணு வைத்து, தேதியை அதில் எழுதுங்கள். கட்டடம் பொது, வசித்த காலம் அவரவருடையது.

மீண்டும் நூலகர்: ஒரு நூலை நீக்கினால் பதிப்பகமும் அழியுமா?

பதில்: அழியாது. ஆர்டிஎஃபில் எந்தக் கணுவும் இன்னொன்றுக்குச் சொந்தமில்லை. கடைசி நூலும் போனபின் பதிப்பகத்தின் விவரங்கள் அப்படியே தங்கிவிடும். எந்த நூலும் சுட்டாத பதிப்பகங்களை ஸ்பார்க்கிள் என்ற ஆர்டிஎஃப் வினவல் மொழியால் அவ்வப்போது தேடி, நீங்களேதான் களைய வேண்டும்.