மூவாயிரம் ரூபாய்த் திருப்தி

அன்புள்ள ஐயா,

காரைக்குடியில் ஒரே கல்லூரியில் பி.காம். முடித்த என் மகளும் அவளோடு படித்த பையனும் ஒரே ஆடிட்டர் ஆபீசில் ஒரே மாதம் சேர்ந்தார்கள். மாதச் சம்பளம் அவளுக்கு 15,000, அவனுக்கு 18,000. கேட்டால், ‘வீட்டுக்குப் பக்கம், மரியாதையான இடம், எனக்குத் திருப்திதாம்மா’ என்கிறாள். நிம்மதியாக இருப்பவளை நான் ஏன் கிளற வேண்டும்?

ஒரு வாசகி, காரைக்குடி

அன்புள்ள சகோதரிக்கு,

நிம்மதியைக் கிளறாமலே சம்பளம் கேட்கலாம். பெண்கள் குறைவாகச் சம்பாதித்தும் ஆண்களைவிட வேலைத் திருப்தி அதிகம் என்று சொல்வதைப் பொருளியலாளர் ஆண்ட்ரூ கிளார்க் 1997-இல் பிரிட்டன் தரவுகளை வைத்து ஆராய்ந்தார். எதிர்பார்ப்பே குறைவு என்பது அவர் விளக்கம். இளம் வயதினர், அதிகம் படித்தவர்கள் நடுவே அந்த வித்தியாசம் காணவில்லை. உங்கள் மகள் தன்னைப் பக்கத்து நாற்காலிக்காரனோடு ஒப்பிடுகிறாளா, வேலையே கிடைக்காத தோழியோடு ஒப்பிடுகிறாளா என்று கேட்டுப் பாருங்கள்.

நகரத்தார் வீட்டு ஆச்சிமார் பணத்தைத் தனிக்கணக்கில் வைத்து வட்டி கட்டிய ஊர் நம்முடையது. வட்டிக்கு வட்டி சொல்லித்தர வேண்டியதில்லை. இருவருக்கும் வருஷம் 8 சதவீதம் ஏறினால் பத்து வருஷத்தில் அவளுக்கு 32,384, அவனுக்கு 38,861. மூவாயிரம் வித்தியாசம் 6,477 ஆகிவிடும். வேலை மாறினாலும் பழைய சம்பளச் சீட்டைத்தான் முதலில் கேட்பார்கள்.

வேலை ஆர்டரில் அவள் ‘அசிஸ்டெண்ட்’, அவன் ‘எக்ஸிகியூட்டிவ்’ என்று இருக்கிறதா பாருங்கள். சூது பெரும்பாலும் அங்கேதான். 1976-இன் சம ஊதியச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 2019 ஊதியத் தொகுப்புச் சட்டத்துக்குப் பதவிப் பெயர் பொருட்டில்லை. வேலைக்குத் தேவையான திறமை, உழைப்பு, அனுபவம், பொறுப்பு ஒன்றுதானா என்பதே கேள்வி. ஆகவே ஒரு மாதம் நோட்டில் எழுதச் சொல்லுங்கள்: எத்தனை வாடிக்கையாளர்களின் டேலி (கணக்கு மென்பொருள்) கணக்கு, 11-ஆம் தேதிக்குள் எத்தனை ஜி.எஸ்.டி.ஆர்-1 (விற்பனை விவரப் படிவம்), 20-ஆம் தேதிக்குள் எத்தனை 3பி (வரி கட்டும் படிவம்), வரித்துறை நோட்டீஸ் வந்தால் பதில் தயாரிப்பது யார். ஏப்ரல் இன்கிரிமெண்டுக்கு முன்பே, பிப்ரவரியில், அந்த நோட்டோடு போய்த் தொகையைச் சொல்லிக் கேட்கட்டும். ‘அவனுக்கு மட்டும் ஏன்’ என்று ஆரம்பித்தால் பேச்சு அவனைப் பற்றியதாகிவிடும்.

‘அவன் மதுரைக்கு ஆடிட்டுக்குப் போகிறான், ராத்திரி பத்து வரை இருக்கிறான்’ என்று பதில் வரலாம். நியாயம் இல்லாமல் இல்லை. கூப்பிட்ட நேரத்துக்கு நிற்பவருக்குக் கூடுதலாகக் கொடுக்கும் வழக்கமே சம்பள இடைவெளியை விரிக்கிறது என்பதுதான் 2023-இல் நோபல் பெற்ற பொருளியலாளர் கிளாடியா கோல்டின் காட்டியது. அப்படியானால் அதைச் சம்பளத்தில் கலக்காமல் வெளியூர்ப் படியாகத் தனியே காட்டச் சொல்லுங்கள். இவள் போனால் இவளுக்கும் வரும். ‘பொம்பளப் பிள்ளைக்கு வெளியூர் எதுக்கு’ என்று அவளைக் கேட்காமலே முடிவு செய்திருந்தால், முதலில் பேச வேண்டியது அதைத்தான்.