வயிறு நிறைந்தும் ஏன் சோர்வு?

கேள்வி: பள்ளி ஆசிரியையாகப் பணிபுரிகிறேன். மதிய உணவுக்கு டப்பா நிறைய ரசம் சோறும் உருளைக்கிழங்கு வறுவலும் கொண்டுபோகிறேன், சாப்பிட்டவுடன் தேநீர். ஆனாலும் மூன்று மணிக்கே தளர்ந்துவிடுகிறேன். சத்து மாத்திரை வாங்கலாமா? – ஒரு வாசகி, விருதுநகர்

பதில்: மாத்திரைக்கு முன் அந்த டப்பாவைப் பார்ப்போம். சோறு, உருளைக்கிழங்கு இரண்டிலும் மாவுச்சத்தே மிகுதி. ரசத்தில் பருப்பு பெயரளவுக்குத்தான் இருக்கும். நாளொன்றுக்கு 2000 கலோரி தேவைப்படும் ஒருவருக்கு 250 கிராம் தானியம், 85 கிராம் பருப்பு வகைகள், கீரை உட்பட 400 கிராம் காய்கறி என்று ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் பரிந்துரைக்கிறது. தானியத்தைவிடக் காய்கறி அதிகம் என்பதைக் கவனியுங்கள். எனவே சோற்றைப் பாதியாக்கி, அந்த இடத்தில் கெட்டியான பாசிப்பருப்புக் கூட்டையும் முருங்கைக்கீரைப் பொரியலையும் வையுங்கள். கீரையிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேர எலுமிச்சைச் சாறு துணைபுரியும், உணவோடு அருந்தும் தேநீரோ அதைத் தடுக்கும் என்பதால், தேநீரை ஒரு மணி நேரமாவது தள்ளிப்போடுங்கள் (இதுதான் உங்களுக்குக் கடினமாக இருக்கும்!). இவ்வளவுக்குப் பிறகும் சோர்வு நீடித்தால், மருத்துவரிடம் ஹீமோகுளோபின் அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். கருவுறாத பெண்களுக்கு அது 100 மில்லி இரத்தத்தில் 12 கிராமுக்குக் குறைந்தால் இரத்தசோகை, அப்போது மாத்திரையை அவரே எழுதித் தருவார்.