400 வெள்ளி வீடு

வணக்கம் டீச்சர்,

எனக்கு 59 வயது. கிள்ளானில் ஃபிளாட் வாடகைக்கு எடுத்து இருக்கிறோம். லோரி ஓட்டினேன். பக்கவாதம் வந்த பிறகு சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) தரும் மாத பென்ஷன் 1,150 வெள்ளிதான் (ரிங்கிட்) வருமானம். வாடகையே 700 போய்விடுகிறது. மனைவிக்கு இனிப்புநீர். நான் பிறந்தது சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில். அங்கே 400 வெள்ளிக்கு வீடு இருக்கிறதாம். வந்துவிடலாமா?

ஒரு வாசகர், கிள்ளான்

வணக்கம் அண்ணே,

வரலாம். ஆனால் அந்த 400 வெள்ளி வீடு டவுனிலிருந்து எவ்வளவு தூரம் என்று கேட்டீர்களா?

நான் இந்தச் சுங்கை சிப்புட்டுக்கு வந்த புதிதில் டவுனிலிருந்து எட்டு கிலோமீட்டர் தள்ளி ஒரு தாமானில் (குடியிருப்புப் பகுதி) வீடு எடுத்தேன். டவுனைவிட 150 வெள்ளி குறைவு. பெரிய கெட்டிக்காரி என்று நினைப்பு. கார் கெட்டுப்போன மாதம்தான் கணக்கு புரிந்தது. போய்வர கிராப் வாடகைக் கார் 20 வெள்ளி, வாரத்துக்கு இரண்டு தடவை, ஆக மாதம் 160. நாள்காட்டித் தாளைக் கிழித்துப் பின்பக்கம் கூட்டிப் பார்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இருட்டினால் அந்த கிராப்பும் கிடைக்காது. அதனால் சந்தைக்கும் கிளினிக்குக்கும் அண்ணி நடந்து போகிற தூரத்தில் பாருங்கள், 500 ஆனாலும்.

ஊர் மாறினால் மருத்துவச் செலவு அதிகமாகாது. அரசாங்க கிளினிக்கில் 1 வெள்ளி, ஸ்பெஷலிஸ்டுக்கு 5 வெள்ளி, எங்கேயும் அதே கட்டணம்தான். கூடுவது பயணச் செலவு. இங்கே சின்ன ஆஸ்பத்திரி உண்டு. ஸ்பெஷலிஸ்ட் என்றால் பெரும்பாலும் ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்வார்கள், சுமார் 30 கிலோமீட்டர். கிளம்புவதற்கு முன் கிள்ளானில் மருந்து எடுக்கும் கவுண்டரில் 'எஸ்பியுபி வேண்டும்' என்று கேளுங்கள். மீதி மாத மருந்தை இங்குள்ள அரசாங்க கிளினிக்கிலேயே வாங்கிக்கொள்ள அதில் வழி இருக்கிறது. டாக்டரிடம் மாற்றல் கடிதமும் கேட்டு வாங்குங்கள். சொக்சோ பணம் எந்த ஊரிலும் வங்கியில் விழும், முகவரியை மட்டும் மாற்றச் சொல்லிவிடுங்கள்.

அப்புறம் முன்பணம். வழக்கமாக இரண்டு மாத வாடகை, தண்ணீர் கரண்டுக்கு அரை மாதம், முதல் மாத வாடகை என்று கேட்பார்கள். 500 வெள்ளி வீட்டுக்கு 1,750 கையில் வேண்டும். சாமான் ஏற்றும் லோரி தனி. அந்தச் செலவை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை! கிள்ளான் வீட்டுக்காரர் டெப்பாசிட்டைத் திருப்பித் தருகிற வரை காத்திருந்தால் நகரவே முடியாது. அந்தப் பணம் வராது என்றே வைத்துக் கணக்குப் போடுங்கள்.

பிறந்த தோட்டத்தைப் பற்றி எழுதியதைப் படித்துச் சங்கடமாக இருந்தது. இங்கே பல தோட்டங்களில் லயன்களை (தொழிலாளர் வரிசை வீடுகளை) இடித்தாயிற்று. ரப்பர் மரம் நின்ற இடத்தில் செம்பனை. அந்தச் சனம் உங்களைப் போலவே கிள்ளான், ஷா ஆலம் பக்கம் போய்விட்டது. தெரிந்த முகம் ஒன்றிரண்டு கோயில் திருவிழாவில் கண்ணில் படலாம். அதை நம்பி வீட்டைக் காலி செய்யாதீர்கள். முதலில் அண்ணியோடு ஒரு வாரம் வந்து தங்கிப் பாருங்கள்.

நேற்று உங்களுக்காக விசாரித்தேன். சந்தைக்குப் பின்னால் கடைவீட்டு மேல்மாடி ஒன்று காலியாக இருக்கிறது, 450 வெள்ளி. ஏறிப் பார்த்தேன். 22 படி, பிடித்து ஏறக் கம்பி கிடையாது. உங்களுக்கு ஆகாது. கீழ்வீடாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.