கடலில் மறையும் கப்பல்களும் விமானங்களும்: கேள்வி பதில்

மெய்யம்மை, தேவகோட்டை: அட்லாண்டிக் கடலில் பெர்முடா முக்கோணம் பக்கம் திசைகாட்டி வேலை செய்யாதாமே?

நன்றாகவே செய்யும் ஆச்சி. 1945 டிசம்பர் 5-ல் 14 பேரோடு போன ஐந்து அமெரிக்கக் கடற்படை விமானங்களை வைத்துத்தான் இந்தப் பேச்சு வளர்ந்தது. தலைமை விமானி டெய்லர் தன் திசைகாட்டிகள் பழுது என்று நம்பிவிட்டார். பஹாமாஸ் பக்கம் இருந்துகொண்டு, ஃப்ளோரிடாவின் தென்கோடித் தீவுகளுக்கு மேலே இருப்பதாக எண்ணினார். கரை மேற்கே, அவர்கள் பெரும்பாலும் வடக்கும் கிழக்குமாக அலைந்தார்கள். எரிபொருள் தீரும் நேரத்தில் இருட்டு, கீழே கொந்தளிக்கும் கடல்.

அழகப்பன், காரைக்குடி: பெரிய சரக்குக் கப்பல் எப்படிச் சடுதியில் மூழ்குகிறது?

முக்கியமான கேள்வி அண்ணே. ஈரமான இரும்புத் தாதுத் தூள், நிக்கல் தாது இரண்டும் ஆபத்தானவை. எஞ்சின் அதிர்விலும் அலையின் ஆட்டத்திலும் தூள் இறுகும். இடுக்கிலுள்ள நீர் வெளியேற வழியில்லாமல் அழுத்தம் ஏறி, துகள்களின் பிடி விட்டுப்போகும். குவியலாக இருந்த சரக்கு குழம்பாகி ஒரு பக்கம் ஓடும். கப்பல் நிமிரும்போது முழுதாகத் திரும்பி வராது. அடுத்த ஆட்டத்தில் சாய்வு கூடும். சில நிமிடங்களில் கவிழ்ந்துவிடலாம். 2009-ல் மங்களூர் அருகே ஏஷியன் ஃபாரஸ்ட், பாரதீப் அருகே பிளாக் ரோஸ் இரண்டும் இரும்புத் தாதுத் தூளோடு மூழ்கியவைதான்.

ஏற்றுமுன் டப்பா சோதனை செய்வார்கள். அரை முதல் ஒரு லிட்டர் பிடிக்கும் டப்பாவில் பாதி சரக்கை நிரப்பி, 20 செ.மீ. உயரத்திலிருந்து கெட்டியான மேசையில் ஓங்கித் தட்ட வேண்டும். ஒன்றிரண்டு விநாடி இடைவெளியில் 25 முறை. மேலே நீர் மினுங்கினாலோ சரக்கு குழைந்தாலோ ஏற்றவே கூடாது. நீர் தெரியவில்லை என்பதும் போதாது, ஆய்வகத்தில் ஈரப்பதம் அளந்தாக வேண்டும். அளந்த பிறகு மழையில் நனைந்த குவியலுக்கு அந்தச் சான்று செல்லாது.

சொக்கலிங்கம், கோட்டையூர்: கடலடியிலிருந்து கிளம்பும் மீத்தேன் வாயுக் குமிழி கப்பலை மூழ்கடிக்குமா? ராட்சத அலை நிஜமா?

குமிழி கப்பலை மூழ்கடிக்கும் என்பது தொட்டிச் சோதனையில் சரி; பெர்முடாவில் கடந்த 15,000 ஆண்டுகளில் அப்படிப் பெரிய வெளியேற்றம் நடந்ததாக அமெரிக்க நிலவியல் துறை கருதவில்லை. அலை நிஜம்: 1995 ஜனவரி 1-ல் வட கடலின் ட்ராப்னர் எரிவாயு மேடையில் 25.6 மீட்டர் அளந்திருக்கிறார்கள்.

உமையாள், பள்ளத்தூர்: தாம்பரத்தில் கிளம்பிய ராணுவ விமானம் ஏன் இத்தனை வருஷம் கிடைக்கவில்லை?

2016 ஜூலை 22-ல் 29 பேரோடு போர்ட் பிளேர் கிளம்பிய ஏ.என்-32. வானொலி அலை கடல்நீரைத் தாண்டி மேலே வராது. ஒலி எழுப்பும் கருவி பொருத்தியிருந்தாலும் பழைய வகைக்கு பேட்டரி 30 நாள், கேட்பது சில கிலோமீட்டர்தான். சென்னை தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்தின் தானியங்கி நீர்மூழ்கி 3,400 மீட்டர் ஆழத்தில் எடுத்த படங்களிலிருந்து 2024 ஜனவரியில்தான் சிதைவுகளை உறுதிப்படுத்தினார்கள்.

வள்ளியப்பன், கானாடுகாத்தான்: ஐயா காலத்துல ரங்கூனுக்குக் கொண்டுவிக்கப் போனவுக கப்பல் வந்து சேராட்டா என்ன ஆச்சுன்னே தெரியாதாம். இப்ப?

இப்போது ஈபெர்ப் (EPIRB) என்ற ஆபத்து அறிவிப்புக் கருவி இருக்கிறது தம்பி. கப்பல் மூழ்கினால் 4 மீட்டர் ஆழத்துக்குள் கருவியைப் பிடித்திருக்கும் கொக்கியை நீரழுத்தமே விடுவிக்கும். கருவி மிதந்து வந்து 406 மெகாஹெர்ட்ஸில் செயற்கைக்கோளுக்கு 48 மணி நேரம் தகவல் தரும். கொக்கிக்கு ஆயுள் 2 ஆண்டு, தேதி பார்த்து மாற்றுங்கள். கருவியைக் கூரைக்கு அடியில் பொருத்தினால் மேலே வராமல் சிக்கிக்கொள்ளும். அதன் கயிற்றைக் கப்பல் கம்பியில் கட்டிவைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கட்டினால் கருவியும் கப்பலோடு அடிக்குப் போய்விடும்.