தோட்டக்கலை: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: நான்கு ஆண்டுகளுக்கு முன் கேமரன் மலையில் மொட்டோடு வாங்கி வந்த கிளிவியா, அந்த ஒரு முறை மட்டும் ஆரஞ்சு நிறத்தில் கொத்தாகப் பூத்தது. பிறகு இலைகள்தாம் வருகின்றன. உரம் போதவில்லையா?
– வாசகி, ஆயர் ஈத்தாம், பினாங்கு

பதில்: உரத்தைக் கூட்ட வேண்டாம், உங்கள் கவனிப்பில் குறையில்லை. தென்னாப்பிரிக்கக் காடுகளில் மரநிழலில் வளரும் இச்செடிக்கு, இரவு வெப்பம் ஏறத்தாழ 10 முதல் 13 டிகிரி செல்சியஸ் வரை இறங்கும் குளிர்ப்பருவம் சில வாரங்களாவது தொடர்ந்து கிடைத்தால்தான் பூந்தண்டு ஒழுங்காக எழும்பும். அந்தக் குளிர் குறைந்தால், மொட்டு வந்தாலும் தண்டு நீளாமல் இலைகளுக்கு நடுவிலேயே சிக்கி மலரும். பினாங்குச் சமவெளியின் இரவுகளில் அந்தக் குளிருக்கு வழியில்லை. குளிர்சாதன அறையும் பொதுவாக 16 டிகிரிக்குக் கீழே போவதில்லை. அதன் வறண்ட காற்றில் இலை நுனி கருகும்.

ஆகவே பூவை மறந்து இலைக்காக வளர்த்துப் பாருங்கள் என்பதே என் கருத்து. இதை வெறும் ஆறுதலாகச் சொல்லவில்லை. கிளிவியாவை நகர மலராகக் கொண்ட சீனாவின் சாங்சுன் நகரில், கண்காட்சிக்கு வரும் செடியைப் பெரிதும் இலையைக் கொண்டே மதிக்கிறார்கள்: குட்டையாகவும் அகலமாகவும் இருக்கிறதா, நரம்புகள் புடைத்துத் தெரிகின்றனவா, இரு பக்கமும் விரித்த விசிறிபோல் ஒரே தளத்தில் அடுக்கடுக்காக நிற்கிறதா என்று பார்க்கிறார்கள். அந்த ஒழுங்கு தானாக வந்துவிடாது. விசிறியின் ஒரு விளிம்பு வெளிச்சம் வரும் சன்னலை நோக்கியிருக்கும்படி தொட்டியை வைத்து, வாரத்துக்கு ஒரு முறை மறுவிளிம்பு அங்கே வரும்படி அரைச்சுற்றுத் திருப்புங்கள். இதைத் தவறவிட்டால் இலைகள் வெளிச்சத்தைத் தேடிக் கோணிக்கொள்ளும், கோணிய இலையை மீண்டும் நேராக்குவது கடினம். நேர்வெயில் கூடாது. வேர்கள் சதைப்பற்றுள்ளவை என்பதால், நம் ஊர் மழையில் களிமண் அவற்றை அழுகச் செய்துவிடும்; மரப்பட்டை, கரித்துண்டு, தேங்காய் மட்டைத் துண்டு ஆகியவை கலந்த, நீர் தங்காத கலவையே ஏற்றது. செடி முழுவதும் நச்சுத்தன்மை கொண்டது. குழந்தைகளுக்கும் பூனைக்கும் எட்டாமல் வையுங்கள்.

கேள்வி: மஞ்சள் கிளிவியாவின் விதைகளை உறவினர் அனுப்பினார். முளைத்த கன்றுகள் சிலவற்றின் அடித்தண்டு கருஞ்சிவப்பாக இருக்கிறது. நோயா?
– வாசகர், செந்தூல், கோலாலம்பூர்

பதில்: நோயன்று. அருகிலிருந்த ஆரஞ்சுச் செடியின் மகரந்தம் கலந்திருக்க வேண்டும். மஞ்சள் ஒடுங்கு பண்பு, அதாவது ஆரஞ்சுப் பண்பு உடனிருந்தால் வெளியே தெரியாமல் மறைந்திருப்பது என்பதால், அக்கன்றுகள் ஆரஞ்சாகவே பூக்கும்; அடி முழுப் பச்சையாக உள்ளவை பெரும்பாலும் மஞ்சளாகும். ஆயினும் கருஞ்சிவப்புக் கன்றுகளை எறிந்துவிடாதீர்கள், ஏனெனில் அவை மஞ்சள் பண்பை உள்ளே சுமப்பவை. அவற்றைத் தமக்குள் இணைத்தால், அடுத்த தலைமுறையில் சராசரியாக நான்கில் ஒன்று மஞ்சளாக வரும். விதையிலிருந்து பூக்க நான்கைந்து ஆண்டுகள் ஆகும், மேற்சொன்ன குளிரும் வேண்டும். கேமரன் மலையில் உறவினரோ நண்பரோ இருந்தால், இரண்டு மூன்று கன்றுகளை இப்போதே அவரிடம் ஒப்படைத்துவிடுங்கள்.