பழம்பெரும் ஹிப்-ஹாப் புரொடியூசர்கள் தங்கள் ஒலியைப் புதிதாக வைத்துக்கொள்ள ஏன் திணறுகிறார்கள்?

பாம்பனில் சிறிய ரெக்கார்டிங் அறை ஒன்றை நடத்தி, மண்டபம், தங்கச்சிமடம், கீழக்கரை ஆகிய ஊர்களிலிருந்து ராப் பாட வரும் இளைஞர்களுக்குப் பீட், அதாவது ராப்புக்கான தாளமும் பின்னணி இசையும், அமைத்துக் கொடுப்பவன் (ஹிப்-ஹாப்பில் இந்த வேலையைச் செய்பவரே புரொடியூசர்) என்ற முறையில் இதற்குப் பதில் எழுதுகிறேன். வயதாகிவிட்டால் கற்பனை வற்றிவிடும் என்றே பலரும் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. எந்த நெருக்கடிகளில் அவர்களுடைய ஒலி பிறந்ததோ, அந்த நெருக்கடிகள் இன்று இல்லாமல் போனதே முதன்மையான காரணம் என்று கருதுகிறேன்.

1987இல் வெளிவந்த எஸ்பி-1200 என்ற சாம்ப்ளரை, அதாவது பிற பதிவுகளிலிருந்து ஒலித் துணுக்குகளை ஏற்றி மீண்டும் இசைக்க உதவும் கருவியை, எடுத்துக்கொள்ளுங்கள். இன்றைய அளவில் குறைவான 12 பிட் தரத்தில், மொத்தமாகவே ஏறத்தாழ 10 வினாடி ஒலியைத்தான் அதில் ஏற்ற முடியும். டிரம், பேஸ், மெட்டுத் துணுக்கு என அனைத்தையும் அந்தப் பத்து வினாடிக்குள் அடக்க வேண்டியிருந்ததால், நிமிடத்துக்கு 33 சுற்று வேகத்தில் ஓடவேண்டிய இசைத்தட்டை 45 சுற்றில் ஓட்டிப் பதிவு செய்துவிட்டு, பிறகு கருவிக்குள் சுருதியை இறக்கிப் பழைய வேகத்துக்குக் கொண்டுவந்தார்கள். இடத்தை மிச்சம் பிடிக்கச் செய்த இந்த வேலையில் ஒலியின் மேற்பகுதி மங்கியது, அடியில் ஒரு கரகரப்பு ஏறியது. பீட் ராக், லார்ஜ் புரொஃபசர் போன்ற புரொடியூசர்களின் 90களின் தொடக்கக் காலப் பாடல்களில் நாம் உருகிக் கேட்பது அந்தக் கரகரப்பைத்தான். இன்று அதே கரகரப்பை மடிக்கணினியில் ஒரு பிளகின் (இசை மென்பொருளுடன் இணைக்கும் சிறு நிரல்) நொடியில் தந்துவிடுகிறது. ஆனால், எந்த ஒலியை வைத்துக்கொள்வது, எதைக் கைவிடுவது என்று ஒவ்வொரு கணமும் முடிவெடுக்க வைத்த நிர்ப்பந்தத்தை எந்த பிளகினும் தராது. அந்த நிர்ப்பந்தத்தில் கைபழகிய ஒருவருக்கு, எல்லையற்ற ஒலித்தடங்களைக் கொண்ட மென்பொருள் வசதியாக மட்டும் இருப்பதில்லை, கையைக் கட்டிப்போடுவதாகவும் ஆகிவிடுகிறது.

அடுத்தது சட்டம். பிஸ் மார்க்கி என்ற ராப் கலைஞர், கில்பர்ட் ஓ'சல்லிவனின் பாடல் ஒன்றிலிருந்து அனுமதியின்றி ஒரு பகுதியை எடுத்தாண்டதற்காக 1991இல் நியூயார்க் நீதிமன்றத்தில் தோற்றார். அதற்குப் பிறகு சாம்ப்பிள் (இப்படி எடுத்தாளும் துணுக்கு) ஒவ்வொன்றுக்கும் உரிமை வாங்கியாக வேண்டும் என்ற நிலை வந்தது. பல பாடல்களின் துணுக்குகளை அடுக்கடுக்காக வைத்து ஒரே பாடலைக் கட்டுகிற பாணி, பணம் படைத்தவர்களுக்கு மட்டுமே கட்டுப்படியாகும் ஒன்றாயிற்று. அந்தப் பாணியிலேயே தொழில் கற்றவர்களுக்கு இது பெரிய அடி.

இந்தச் சிக்கலை எங்கள் கடற்கரையில் நாங்கள் ஒருவகையில் சுற்றிப் போகிறோம். 1914இல் திறக்கப்பட்ட பழைய பாம்பன் பாலத்தில் ரயில் ஊர்ந்து போகும்போது தண்டவாளத்தில் எழுந்த தட்டொலியை, 2022 டிசம்பரில் அங்கு ரயில் நிறுத்தப்படுவதற்கு முன்பே பதிவு செய்து வைத்திருந்தேன். அதில் ஒரு தட்டை மட்டும் வெட்டியெடுத்து, சுருதியைப் பாதியாக இறக்கி, ஸ்னேர் டிரம்முக்கு அடியில் மெல்லியதாக வைத்தால் அறைக்குள் இரும்பு அதிர்கிற ஓர் உணர்வு கிடைக்கிறது. யாரிடமும் உரிமை கேட்க வேண்டியதில்லை; அதே ஒலி வேறு யாருடைய பாட்டிலும் இருக்கப்போவதுமில்லை.

பலரும் பேசத் தயங்கும் இன்னொரு காரணம் காது. வயது ஏற ஏற, மேல் அதிர்வெண்களைக் கேட்கும் திறன்தான் முதலில் குறைகிறது. பல பத்தாண்டுகள் உரத்த ஒலிக்கு நடுவே வேலை செய்தவர்களுக்கு இந்த இழப்பு இன்னும் கூடுதலாக இருக்கும். எங்கள் பகுதியில் தேவாலயத் திருவிழாக்களுக்கு ஸ்பீக்கர் கட்டும் பெரியவர் ஒருவர், தம் காதுக்குப் போதும் என்று தோன்றும்வரை ட்ரெபிளை, அதாவது மேல் அதிர்வெண் ஒலியை, கூட்டுவார். முன்வரிசைப் பிள்ளைகள் காதைப் பொத்திக்கொள்வார்கள். அனுபவமுள்ள புரொடியூசர்கள் இதை உணர்ந்து, இறுதி மிக்ஸிங்கை (எல்லா ஒலிகளையும் சமன்படுத்திக் கலக்கும் வேலையை) இளம் பொறியாளர் ஒருவரிடம் ஒப்படைத்துவிடுவது நல்லது என்பது என் உறுதியான கருத்து.

ரசிகர்களின் எதிர்பார்ப்பும் சிறிய சுமையன்று. புகழ்பெற்ற அமெரிக்க புரொடியூசர் டாக்டர் ட்ரே 1999இல் ஒரு ஆல்பம் வெளியிட்டார். அவருடைய அடுத்த ஆல்பம் 2015இல்தான் வந்தது. இடையே ஆண்டுக்கணக்கில் உழைத்த 'டீடாக்ஸ்' என்ற ஆல்பம் தமக்கே நிறைவளிக்கவில்லை என்று கூறி அதைக் கைவிட்டார். பெயர் பெரிதாகப் பெரிதாக, சுமாரான ஒரு பாடலை வெளியிட்டு அதிலிருந்து கற்றுக்கொள்ளும் சுதந்திரம் பறிபோகிறது. எங்கள் ஊர்ப் பையன் ஒருவன் இன்றிரவு பாடி நாளைக் காலையில் யூடியூபில் ஏற்றிவிடுவான்; அந்தச் சுதந்திரம் ட்ரேவுக்குக் கிடையாது.

அப்படியானால் யார்தான் வென்றார்கள்? என் பார்வையில் தி ஆல்கெமிஸ்ட் என்ற அமெரிக்க புரொடியூசர். 90களிலேயே தொழிலுக்கு வந்த அவர், இளையவர்களின் டிரம் அடுக்குகளை நகலெடுக்க முனையாமல், பல பாடல்களில் டிரம்மையே மிக மெல்லியதாக்கி அல்லது அறவே நீக்கி, சாம்ப்பிளையும் குரலையும் மட்டுமே நம்பினார். ராப் கலைஞர் ஃபிரெடி கிப்ஸுடன் 2020இல் அவர் வெளியிட்ட 'ஆல்ஃபிரெடோ' ஆல்பம் கிராமி விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. கருவி விதித்த தடை மறைந்த பிறகு, தமக்குத் தாமே ஒரு தடையை விதித்துக்கொண்டார் என்றே இதை நான் புரிந்துகொள்கிறேன்.

டிஜே பிரீமியர் என்ற புரொடியூசர் இதற்கு நேர்மாறான வழியில் சென்றவர். துணுக்குகளை வெட்டி அடுக்குவது, பல்லவிக்குப் பழைய ராப் வரிகளை ஸ்கிராட்ச் செய்வது (இசைத்தட்டைக் கையால் முன்னும் பின்னும் அசைத்து ஒலிக்க வைப்பது) என்ற தம் முறையை அவர் பெரிதாக மாற்றவே இல்லை. கேங் ஸ்டார் என்ற இருவர் குழுவில் அவருடைய கூட்டாளியாக இருந்து 2010இல் மறைந்த ராப் கலைஞர் குரு விட்டுச்சென்ற குரல் பதிவுகளைக் கொண்டு 2019இல் அவர் முடித்த கேங் ஸ்டார் ஆல்பத்தைக் கேட்டால், முப்பது ஆண்டுக்கு முந்தைய அதே கைதான் தெரியும். பழைய ஒலி என்று சிலர் அதைக் குறை சொல்வதுண்டு; எனக்கு அது குறையாகப் படவில்லை. அவர் திடீரென்று ட்ராப் என்ற புதிய ராப் பாணியின் வேகமான ஹை-ஹாட் தாளத்தட்டு ஒலியை அள்ளித் தெளித்திருந்தால்தான் அந்த ஆல்பம் இரண்டே ஆண்டில் பழசாகியிருக்கும்.