போன வருடம்தான் கேஸ் அடித்தேன், மறுபடியும் கார் ஏசியில் வெறும் காற்றுதான் வருகிறது. என்ன செய்வது?

குளச்சலில் வீடு, பழைய சின்ன கார், ஒர்க்‌ஷாப்பில் இன்னொரு தடவை கேஸ் அடிக்கச் சொல்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்கு அடிக்காதீர்கள். அந்த கேஸ் ஓட ஓடத் தீர்ந்துபோகிற பொருள் இல்லை. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது. ரப்பர் ஹோஸ் வழியாகவும், கேஸை அழுத்தித் தள்ளும் கம்ப்ரசரின் சீல் வழியாகவும் வருடக்கணக்கில் கொஞ்சம் குறையும்தான். ஆனால் ஒரே வருடத்தில் குளிர்ச்சியே இல்லாமல் போகிறது என்றால், ஒன்று எங்கோ கசிகிறது, இல்லை கோளாறு கேஸில் இல்லவே இல்லை.

முதலில் வீட்டு வாசலிலேயே பார்த்துவிடலாம். இன்ஜினை ஸ்டார்ட் செய்து, ஏசியை முழுக் குளிர்ச்சியில் வைத்து, பானெட்டைத் திறந்துகொள்ளுங்கள். ஒருவரை உள்ளே உட்காரவைத்து ஏசி பட்டனை அணைத்துப் போடச் சொல்லுங்கள். போடும்போது 'டக்' என்று ஒரு சத்தம் வந்து, கம்ப்ரசர் புல்லியின் முன்னால் இருக்கும் தட்டும் சேர்ந்து சுற்ற வேண்டும். புல்லி மட்டும் சுற்றி தட்டு சும்மா நின்றால், கம்ப்ரசரைப் புல்லியோடு இணைக்கும் கிளட்ச் பிடிக்கவில்லை. (கிளட்சே இல்லாத கம்ப்ரசரும் சில புது கார்களில் உண்டு, அங்கே இந்தச் சோதனை செல்லாது.) கிளட்ச் பிடிக்காவிட்டால் ஃபியூஸ், ரிலே (கரண்டைப் போட்டு நிறுத்தும் சின்னப் பெட்டி), வயர் மூன்றையும் பாருங்கள். பல கார்களில் ஹார்ன் ரிலேயும் ஏசி ரிலேயும் ஒரே மாதிரிதான் இருக்கும். மேலே அச்சடித்த எண் ஒன்றாக இருந்தால் மாற்றிச் செருகிப் பார்க்கலாம். தோப்புக்குள் வண்டி நிறுத்துகிறவர்கள் எலி கடித்த வயரையும் தேட வேண்டும். இதெல்லாம் சரியாக இருந்தும் கிளட்ச் பிடிக்கவில்லை என்றால், கேஸ் ரொம்பக் குறைந்து பிரஷர் ஸ்விட்ச் தடுக்கிறதாக இருக்கலாம்.

தட்டு சுற்றுகிறது, ஆனால் குளிர் இல்லையா? ஓட்டும்போது எப்படி என்று கவனியுங்கள். ஆரல்வாய்மொழி பக்கம் காற்றுக்கு எதிரே ஓடும்போது ஜில்லென்று இருந்து, மார்த்தாண்டம் நெரிசலில் ஊர்ந்தால் சூடாகிறது என்றால் பெரும்பாலும் முன்பக்க ஃபேன் சுற்றவில்லை, அல்லது கேஸின் சூட்டை வெளியே விடும் கண்டென்சரில் அழுக்கு அடைத்திருக்கிறது. ஃபேன் பக்கம் கையை மட்டும் விடாதீர்கள், அது எந்த நேரமும் தானாகச் சுற்ற ஆரம்பிக்கும். காற்றே மெதுவாக வந்தால் டேஷ்போர்டு பெட்டிக்குப் பின்னால் இருக்கும் கேபின் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள், அவ்வளவுதான்.

உங்கள் ஊரை வைத்துப் பார்த்தால் எனக்குச் சந்தேகம் கண்டென்சர் மேல்தான். முன் கிரில்லுக்குப் பின்னால், ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கும் மெல்லிய அலுமினியச் சல்லடை அது. நம் கடற்கரையில் ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்றோடு உப்புத் தூவானம் அடிக்கும், கிரில் வழியாக நேரே அதன் மேல்தான் படியும். முட்டத்தில் இருக்கும் என் மச்சான் காருக்கு இதே கதை நடந்தது. நாகர்கோவிலில் ஒரு வயசான மெக்கானிக்கிடம் கொண்டுபோனோம். அவர் அழுத்தம் பார்க்கும் கேஜைத் தொடவே இல்லை. டார்ச்சை அடித்து கண்டென்சரின் கீழ் மூலையை விரலால் தடவினார். தகடு அப்பளம் மாதிரி நொறுங்கி உதிர்ந்தது. அதற்குப் பக்கத்தில் உள்ளங்கை அளவுக்கு எண்ணெய்ப் பிசுக்கு, அதில் செம்மண் தூசி ஒட்டியிருந்தது. "இத மாத்தாம எத்தன தடவ கேஸ் அடிச்சாலும் நிக்காது, பாத்தியளா" என்றார். கம்ப்ரசருக்கான எண்ணெயும் கேஸோடு சேர்ந்தே சுற்றுவதால், கசிகிற இடத்தில் பிசுக்கு நிற்கும். நம்மால் கண்ணால் பார்க்க முடிகிற ஒரே தடயம் அதுதான்.

அங்கே பிசுக்கு இல்லையென்றால் ஹோஸ் இணைப்புகள், கம்ப்ரசரின் அடிப்பகுதி என்று பார்த்துவிட்டு, கடைசியாக உள்ளே இருக்கும் கூலிங் காயிலைச் சந்தேகப்படுங்கள். பல கார்களில் அதை எடுக்க டேஷ்போர்டையே இறக்க வேண்டும், கூலியும் அதிகம். ஆகவே சாயம் விட்டோ நைட்ரஜன் அழுத்தம் கொடுத்தோ கசிவை உறுதி செய்யாமல் சம்மதிக்காதீர்கள்.

ஒர்க்‌ஷாப்பில் கேஜ் மாட்டினால் எண்களைக் கேளுங்கள். ஆர்134ஏ கேஸ் என்றால், இன்ஜின் அணைந்து ஆறிய நிலையில், 30 டிகிரி வெயிலில் தாழ் அழுத்தம், உயர் அழுத்தம் என்ற இரண்டு பக்கமும் சுமார் 95 பிஎஸ்ஐ காட்டும். இதில் ஒரு சிக்கல்: உள்ளே கொஞ்சம் திரவம் மிச்சமிருந்தாலே இந்த எண் வந்துவிடும், அளவு போதுமா என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. ஓடும்போது இரண்டு பக்கமும் குறைவாக இருந்தால் கேஸ் குறைவு. தாழ்பக்கம் ஏறி, உயர்பக்கம் இறங்கியிருந்தால் கம்ப்ரசர் தளர்ந்திருக்கலாம்.

பழுது பார்த்த பிறகு கேஸ் அடிப்பதிலும் அவசரம் ஆகாது. கண்டென்சர் மாற்றினால் இணைப்பில் இருக்கும் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையமும், ஈரத்தை உறிஞ்சும் டிரையரும் கூடவே மாற வேண்டும். அப்புறம் குறைந்தது அரை மணி நேரம் பம்பால் உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சி வேக்யூம் போட்டு, பம்பை நிறுத்தி, கேஜ் முள் அசையாமல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டு பருவமழையும் பெய்கிற ஈரமான ஊர் நமது. குழாய்க்குள் ஈரம் தங்கினால், கேஸ் விரிந்து குளிர்கிற குறுகிய வழியான எக்ஸ்பேன்ஷன் வால்வில் பனியாக உறைந்து அடைக்கும், ஏசி கொஞ்ச நேரம் குளிர்ந்து பிறகு நின்று மறுபடி குளிரும். நாள்பட்டால் அதுவே அமிலமாகி உள்ளே அரிக்கும். கேஸை எடை போட்டுத்தான் ஏற்ற வேண்டும். பானெட்டுக்கு அடியில் ஒட்டிய ஸ்டிக்கரில் எந்த கேஸ், எத்தனை கிராம் என்று இருக்கும், சின்ன கார்களில் பெரும்பாலும் 350 முதல் 500 வரை. கூடுதலாக அடித்தாலும் குளிர்ச்சி குறையும். ஓட்டையை அடைக்கும் என்று விற்கிற டப்பா மருந்தை உள்ளே விட வேண்டாம், வால்வை அடைத்துவிட்டால் செலவு இரட்டிப்பு.

கண்டென்சர் மாற்றினீர்கள் என்றால் இனி வண்டியின் பின்பக்கம் கடலைப் பார்க்கும்படி நிறுத்துங்கள். காற்றுக் காலத்தில் வாரம் ஒருமுறை கிரில் வழியாகச் சாதாரண ஹோஸில் நல்ல தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். பிரஷர் வாஷ் வேண்டாம், தகடுகள் மடங்கி காற்றுப் போகிற வழி அடைந்துவிடும்.